வெண்புள்ளிக்கு அன்டிபயோட்டிக் ஊற்றுவதற்கு முன்னால்

கொழும்பில் மீன்தொட்டி வைத்திருக்கிற ஆட்களிடம் இப்படி ஒரு பேச்சு அடிபடுகிறது: மீன் தோலில் வெண்புள்ளி போடும் ஒட்டுண்ணிக்கு உள்ளேயே பக்டீரியா குடியிருக்கிறதாம், அதைக் கொன்றால் ஒட்டுண்ணியும் சாகுமாம், அதனால் அன்டிபயோட்டிக் போடு. முதல் பாதி உண்மைதான். இக்தியோப்திரியஸ் என்ற அந்த ஒருகல உயிரிக்குள் ரிக்கெட்சியா குடும்பத்துப் பக்டீரியா வாழ்வது 2009இல் வெளியான ஆய்விலேயே இருக்கிறது. ஆனால் அதைக் கொன்றால் மீன் பிழைக்கும் என்று யாரும் நிரூபிக்கவில்லை.

இந்த யோசனை எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கலாம். யானைக்கால் புழுவுக்குள் இருக்கும் வொல்பாக்கியா என்ற பக்டீரியாவை டொக்ஸிசைக்ளின் என்ற அன்டிபயோட்டிக்கால் அழித்தால் புழு மலடாகும், அது உண்மை. ஆனால் அங்கே புழுவால் அந்தப் பக்டீரியா இல்லாமல் வாழ முடியாது, மருந்தும் வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். அதை அப்படியே தொட்டிக்குக் கொண்டுவர முடியாது.

பிறகு ஏன் "போட்டேன், சுகமாகிவிட்டது" என்கிறார்கள்? நம்மூர் வெக்கையில் தோலுக்கடியில் இருக்கும் ஒட்டுண்ணி ஒரு வாரத்துக்குள் முற்றி, தானாகவே கழன்று அடியில் விழும். புள்ளி மறையும், மருந்துக்குப் பெயர் கிடைக்கும். விழுந்தது கூடு கட்டி நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து திரும்ப மீனைத் தேடி வரும். உப்போ, வெண்புள்ளிக்கென்றே விற்கும் மருந்தோ வேலை செய்வது நீரில் நீந்தும் அந்தக் குஞ்சுகளிடம்தான், ஆகவே புள்ளி மறைந்ததும் நிறுத்துவது இன்னொரு பெரிய பிழை.

நுணுக்குக்காட்டி உள்ளவர்கள் தோலைச் சுரண்டிப் பாருங்கள்: மெதுவாக உருளும் உருண்டை, நடுவில் லாட வடிவக் கரு, அதுதான் ஆள். உள்ளே தெரியும் மணிகளைப் பார்த்து "இதோ பக்டீரியா" என்று படம் போடாதீர்கள், உணவுக்குமிழும் அப்படித்தான் இருக்கும். அப்புறம், எல்லா ஒட்டுண்ணியும் ஒன்றில்லை. சல்மன் மீனின் செவுளைத் தாக்கும் அமீபாவுக்குள் இருக்கும் பெர்கின்செலா என்பது பக்டீரியாவே அல்ல, அது கருவுள்ள இன்னொரு ஒருகல உயிர்.

ஒட்டுண்ணி துளைத்த புண்ணில் வெளியிலிருந்து பக்டீரியா தொற்றினால் அன்டிபயோட்டிக் உதவலாம், அது வேறு கதை. சும்மா ஊற்றினால் ஃபில்டரில் அமோனியாவைத் தின்னும் நல்ல பக்டீரியாவும் சாகலாம். அமோனியா ஏறி மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும், வருத்தம் முற்றிவிட்டதென்று நினைத்து இன்னும் ஒரு மூடி ஊற்றுவார்கள்.