ஃபோனில் ஆவணப்படம்: கானா பாடகரின் உதடும் குரலும் ஒட்டாமல் நான் பட்ட பாடு

வியாசர்பாடியில் எங்கள் பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் பகலில் பெயின்ட் அடிக்கப் போவார், ராத்திரி சாவு வீடுகளில் கானா பாடுவார். அவரைப் பற்றி 18 நிமிட ஆவணப்படம் ஒன்று எடுத்தேன். ஏழு மாதம் ஆனது. அதில் பாதி, ஒரே ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டு போன காலம். ஃபோனில் படம் பிடிக்கவும் கிளிப்பை வெட்டி ஒட்டவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. கேமரா இல்லாமல் போங்கள்

நான் முதல் நாளே கேமராவோடு போய் அவரைக் கால்வாய் ஓரம் நிறுத்தினேன். “இன்னா தம்பி, வர்றவன்லாம் இங்கியே நிக்க வெக்கிறீங்க. என் வூட்ல மொட்டமாடி இல்லியா?” என்றார். சினிமாவில் பார்த்துப் பழகிய வடசென்னையைத்தான் நான் எடுக்கப் போயிருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது.

எங்கே உட்கார்ந்து பாடிப் பழகுகிறார், படத்தில் தன் பெயரை எப்படிப் போட வேண்டும், எதையெல்லாம் எடுக்கக் கூடாது என்று கேட்டு எழுதி வையுங்கள். சம்மதத்தைப் பேப்பரிலும் வாங்குங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பாட்டு எழுதியவருக்கு மட்டுமல்ல, பாடிக் காட்டுகிறவருக்கும் உரிமை தருகிறது.

(கானா என்றாலே ஆம்பளைக் குரல் என்று நினைத்துக்கொண்டு ஆள் தேடாதீர்கள். பிபிசியின் 2020ஆம் ஆண்டு ‘100 பெண்கள்’ பட்டியலில் கானா பாடகி இசைவாணி இருந்தார். வடசென்னை என்றாலே கானா என்றும் நினைக்க வேண்டாம். கர்நாடக இசைக் கலைஞர் வீணை தனம்மாள் வாழ்ந்தது இதே வடசென்னையின் ஜார்ஜ் டவுனில்.)

2. ஃபோன் செட்டிங்

விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 விநாடி. நம் ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப் லைட் வெளிச்சத்தில் பட்டை ஓடாது. ஃபோனோடு வரும் கேமராவில் இதை மாற்ற முடியாவிட்டால் ஆண்ட்ராய்டில் ‘ஓபன் கேமரா’ ஆப் போட்டுக்கொள்ளுங்கள். இலவசம்.

3. ஒலி

ஆயிரக்கணக்கில் கொட்டி லென்ஸ் வாங்காதீர்கள். அந்தக் காசில் சட்டையில் குத்தும் வயர் மைக் ஒன்று வாங்கி, இன்னொரு ஃபோனில் செருகி அவர் பாக்கெட்டில் போட்டுவிடுங்கள். ஏரோபிளேன் மோட் முக்கியம். 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். பேச்சுக்கு வைத்த ஒலி அளவிலேயே பாட்டையும் பதிந்தால் சட்டி மேளமும் டோலக்கும் சேரும்போது குரல் கிழிந்துவிடும். அதனால் பாடச் சொல்லிப் பார்த்து அளவை வையுங்கள். ஃபேனை நிறுத்துங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளலாம். வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன் பக்கம் என்றால் ரயில் போகும்வரை பேச்சை நிறுத்தத்தான் வேண்டும்.

மொட்டைமாடியில் காற்று அடித்தால் மைக்குக்குப் பஞ்சு மாட்டுங்கள். சத்யஜித் ராய் 1976இல் எடுத்த ‘பாலா’ ஆவணப்படத்தில் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி கடற்கரையில் ஆடும்போது காற்று புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். ராய்க்கே அடங்காத காற்று நமக்கு அடங்குமா?

4. கைதட்டல், இரண்டு முறை

கேமராவின் படத்தையும் தனி ஃபோனில் பதிந்த ஒலியையும் பிறகு பொருத்த ஓர் அடையாளம் வேண்டும். ஒவ்வொரு டேக்கும் தொடங்கும்போது கேமரா முன் ஒரு தட்டு. முடியும்போதும் ஒரு தட்டு. இந்த இரண்டாவது தட்டை நான் விட்டதால் சிக்கல் உடனே பிடிபடவில்லை. அதுதான் அடுத்த கதை.

5. ஒட்டாத உதடு

35 நிமிட டேக் ஒன்று. தொடக்கத்தில் மைக் ஒலியைப் படத்தோடு பொருத்தினேன், கச்சிதம். பத்தாவது நிமிடத்தில் லேசாக நெருடியது. கடைசிப் பாட்டில் அவர் வாய் மூடிய பிறகும் குரல் கேட்டது. வேறு யாரோ பின்னால் நின்று பாடுவதுபோல இருந்தது. அவருடைய குரலைத்தான் படமாக்கப் போனேன், அதையே அவர் வாயிலிருந்து பிடுங்கிவிட்டேன்.

மைக்கை மாற்றினேன். லேப்டாப் ரேம் கூட்டினேன். எல்லாம் தண்டச் செலவு. காரணம் வேறு. 25 என்று நாம் வைத்தாலும் பெரும்பாலான ஃபோன்கள் விநாடிக்குச் சரியாக 25 ஃபிரேம் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தாலோ ஃபோன் சூடானாலோ எண்ணிக்கை கூடிக் குறையும். எடிட்டிங் மென்பொருள் எல்லா விநாடியையும் ஒரே கணக்கில் அடுக்கும்போது படமும் தனி ஒலியும் விலகிப் போகின்றன.

தீர்வு: எடிட்டிங்கில் போடும் முன்பே கிளிப்பை ‘ஹேண்ட்பிரேக்’ என்ற இலவச மென்பொருளில் திறவுங்கள். வீடியோ தாவலில் ஃபிரேம் ரேட் 25, அதன் கீழே ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’. பக்கத்தில் இருக்கும் ‘பீக் ஃபிரேம்ரேட்’டைத் தொடாதீர்கள், நான் இரண்டு வாரம் அதைத்தான் அழுத்திக்கொண்டிருந்தேன். தரம் 18 வைத்தால் போதும். மாறி வந்த கிளிப்பில் முதல் தட்டைப் பொருத்திவிட்டுக் கடைசித் தட்டைப் பாருங்கள். ஒன்றிரண்டு ஃபிரேம் தள்ளி இருந்தால், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒலியை வெட்டி நகர்த்திவிடலாம்.

6. வெட்டி ஒட்டுதல்

டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பே தாராளம். பழைய லேப்டாப் என்றால் ஷாட்கட். வேறு எதுவும் சொல்ல இல்லை.

7. சப்டைட்டில்

தமிழ்ப் படத்துக்குத் தமிழிலேயே எழுத்து போட்டேன், மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியட்டும் என்று. ‘இஸ்துகினு’ என்று அவர் சொன்னதை ‘இழுத்துக்கொண்டு’ என்று ‘திருத்தி’ இருந்தேன். போட்டுக் காட்டியதும் விழுந்து விழுந்து சிரித்தார்: “யாருப்பா இந்த வாத்தியாரு?” அன்று ராத்திரியே எல்லாவற்றையும் அவர் பேசியபடியே மாற்றினேன். நீங்களும் வெளியிடும் முன் ஒருமுறை அவரை உட்கார வைத்துக் காட்டிவிடுங்கள்.

பிற்சேர்க்கை: ஹேண்ட்பிரேக்கில் மாற்றியும் ஒட்டவில்லை என்று இரண்டு பேர் எழுதினார்கள். கேட்டால், இருவருமே ஒலியை 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்து 48 கிலோஹெர்ட்ஸ் புராஜெக்டில் போட்டிருக்கிறார்கள். ‘ஆடாசிட்டி’ என்ற ஒலி மென்பொருளில் திறந்து 48க்கு மாற்றி ஏற்றுமதி செய்து பாருங்கள் என்றேன். ஒருவருக்குச் சரியாகிவிட்டது. இன்னொருவர் கடைசியில் தட்டவே இல்லையாம், பாட்டில் டோலக் அடி விழும் இடத்தைப் பார்த்துப் பொருத்திக்கொண்டிருக்கிறார்.