கிட்டார் ஃபிரெட்டுக்கு எந்த அரம் வாங்குவது?

என் பழைய அகூஸ்டிக் கிட்டாரில் ஐந்தாவது ஃபிரெட்டுக்கும் ஆறாவதுக்கும் (கழுத்தில் குறுக்கே வரிசையாகப் பதித்திருக்கும் உலோகப் பட்டைதான் ஃபிரெட்) நடுவே ரோஸ்வுட் மரத்தின் மேல் இரண்டு அங்குலத்துக்கு ஒரு கீறல் இருக்கிறது. நானே போட்டதுதான். ஹார்டுவேர் கடையில் முக்கோண அரம் ஒன்றை வாங்கி வந்து, ஃபிரெட் அழகாக உருண்டு வருவதையே பார்த்துக்கொண்டிருந்தேன், அரத்தின் கீழ் விளிம்பு அந்த நேரமெல்லாம் மரத்தை அறுத்துக்கொண்டிருந்தது கண்ணில் படவே இல்லை. அதனால்தான் அரம் எது வாங்கலாம் என்று யார் கேட்டாலும் எத்தனை நம்பர், எத்தனை சன்னம் என்பதை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஓரத்தைத் தடவிப் பாருங்கள் என்பேன்.

சரி, ஃபிரெட்டை ஏன் அராவ வேண்டும்? வாசிக்க வாசிக்கக் கம்பி அழுந்தி ஃபிரெட்டில் பள்ளம் விழும், முதல் மூன்று ஃபிரெட்களில் சீக்கிரமே விழும். பள்ளத்துக்குப் பக்கத்து ஃபிரெட் மேடாகிவிடுவதால் கம்பி அதில் இடித்து ஜிர்ரென்று இரையும். அதற்கு எல்லா ஃபிரெட்டையும் ஒரே மட்டத்துக்கு இறக்க வேண்டும். இறக்கினால் உச்சி தட்டையாகிவிடும், தட்டையானால் கம்பி ஃபிரெட்டின் நடுவில் நிற்காமல் முன் ஓரத்தில் போய் நிற்கும், சுருதி விலகும். ஆகவே மறுபடி உருட்ட வேண்டும். கடைசியாகக் கையைக் கீறும் முனைகளை மழிக்க வேண்டும். மட்டம், உருட்டல், முனை: மூன்று வேலை, மூன்று அரம். பதினைந்து அரம் உள்ள செட் வாங்கினால் பன்னிரண்டு பெட்டியிலேயே கிடக்கும்.

(வீணைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஃபிரெட் மாதிரி அதில் இருக்கும் 24 மெட்டுகளும் மெழுகில் உட்கார்ந்திருப்பதால் மெழுகை இளக்கி ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். கிட்டாரில் ஃபிரெட் மரத்துக்குள் அடித்து இறக்கப்பட்டிருக்கிறது, அராவினது அராவினதுதான்.)

படி 1: உங்கள் ஃபிரெட் என்ன உலோகம்?

பெரும்பாலான கிட்டார்களில் இருப்பது நிக்கல் சில்வர். பேரில்தான் சில்வர், உள்ளே செம்பும் துத்தநாகமும் 18 சதவீத அளவுக்கு நிக்கலும். லேசாக மஞ்சள் கலந்த வெளுப்பு, நாளாக நாளாக மங்கும். சாதாரண எஃகு அரமே இதை வெண்ணெய் மாதிரி எடுக்கும். வருடக்கணக்கில் வாசித்தும் பளபளப்புக் குறையாமல் வெள்ளையாக இருந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கலாம். அதில் எஃகு அரம் வழுக்கும், கொஞ்ச நேரத்தில் அரத்தின் பல்தான் மழுங்கும். டைமண்ட் பூசின அரம் வேண்டும், விலை கூட. முதல் தடவை பழகுகிறவர்கள் ஸ்டெயின்லெஸ் ஃபிரெட்டைத் தொடாமல் இருப்பதே நல்லது.

அப்படியே ஃபிரெட்டின் உயரத்தையும் அளந்துவிடுங்கள். புதிதில் 1.1 முதல் 1.4 மில்லி வரை இருக்கும். முக்கால் மில்லிக்கு வந்துவிட்டதென்றால் அரத்தை மறந்துவிட்டு ஃபிரெட்டை மாற்றுகிற வழியைப் பாருங்கள்.

படி 2: மட்டத்துக்கு

6 அல்லது 8 அங்குலப் பட்டை அரம், ஒற்றை வெட்டு, ஸ்மூத் ரகம். ஒற்றை வெட்டு என்றால் பல்வரிசை ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். குறுக்கும் நெடுக்குமாக வெட்டியது இரட்டை வெட்டு, வேகமாக எடுக்கும் ஆனால் ஆழமான கோடு விழும், அந்தக் கோட்டைப் பாலிஷில் போக்குவதற்குள் தோள்பட்டை விட்டுப்போகும். கடைக்காரர் பாஸ்டர்டு என்கிற சொரசொரப்பான ரகத்தைத்தான் முதலில் நீட்டுவார், அது வெல்டிங் பட்டறைக்கு.

வாங்கும் முன் அரத்தைக் கடையின் கண்ணாடி மேஜை மேல் வைத்து நான்கு மூலையையும் விரலால் தட்டுங்கள். டக் டக்கென்று ஆடினால் முறுக்கு இருக்கிறது, வேறு கேளுங்கள். ஸ்டீல் ஸ்கேலின் ஓரத்தை அரத்தின் மேல் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நடுவில் வளைந்திருப்பதும் தெரிந்துவிடும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். வீட்டுக்கு வந்ததும் கைப்பிடி மாட்டும் வாலை வெட்டிவிட்டு அரத்தை ஒரு மரக்கட்டையில் ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் கைப்பிடி இடித்து அரம் ஃபிரெட்டில் படியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 6 அங்குல அரம் முதல் ஃபிரெட்டிலிருந்து வைத்தால் ஐந்து ஃபிரெட்டைத்தான் தொடும். என் கணக்கில், புதியவர்கள் இந்த வேலைக்கு அரமே வாங்க வேண்டாம்: நேரான அலுமினிய பாக்ஸ் பைப் ஒரு துண்டு, அதன் அடியில் 320 நம்பர் உப்புத்தாள் ஒட்டியது, போதும். மெதுவாக எடுக்கும், தப்பு செய்தாலும் மெதுவாகவே நடக்கும்.

படி 3: உருட்டலுக்கு

காசைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். நடுவில் குழிவான பள்ளம் கொண்ட ஃபிரெட் அரம் என்றே விற்கிறார்கள், எஃகிலும் டைமண்டிலும். வாங்குவதானால் ஃபிரெட்டின் அகலத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்துகொண்டு வாங்குங்கள். பழைய பாணி ஃபிரெட் 2 மில்லி, மீடியம் ஜம்போ 2.7 மில்லி வாக்கில். குழி ஃபிரெட்டை விடக் குறுகலாக இருந்தால் உச்சியில் இரண்டு தண்டவாளம் போட்டுவிடும். டைமண்டில் 300 கிரிட் எடுங்கள், 150 ரொம்ப வேகம்.

ஆனால் நான் இன்றுவரை கையில் எடுப்பது 6 அங்குல முக்கோண அரம். தச்சர்கள் ரம்பத்துக்குக் கூர் வைக்க வாங்குகிற அதே அரம்தான். ரம்பத்தின் பல்லிடுக்கையும் அராவ வேண்டும் என்பதற்காக அதன் மூன்று விளிம்பிலும் பல் வெட்டியிருப்பார்கள். என் ஐந்தாவது ஃபிரெட்டின் கதை இப்போது புரிந்திருக்கும். அதனால் வாங்கின அன்றைக்கே மூன்று விளிம்பையும் சாணையில் பிடித்து மழுக்கிவிடுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு, இரண்டு நொடி பிடித்துவிட்டுத் தண்ணீரில் முக்கி எடுங்கள், நீலம் பாய்ந்தால் பதம் போய்விடும். சாணை இல்லாவிட்டால் கத்தி தீட்டும் கல் போதும், நேரம்தான் ஆகும். அப்புறம் விளிம்பைக் கட்டைவிரல் நகத்தின் மேல் இழுத்துப் பாருங்கள். வெள்ளைக் கோடு விழுந்தால் இன்னும் மழுக்க வேண்டும், சும்மா வழுக்கிக்கொண்டு போனால் முடிந்தது. இது முடிந்தாலும் மரத்தின் மேல் மாஸ்கிங் டேப் இரண்டு சுற்று ஒட்டாமல் ஆரம்பிக்காதீர்கள்.

மட்டப்படுத்தின ஃபிரெட்டின் உச்சியில் கறுப்பு மார்க்கரால் பூசுங்கள். அரத்தைச் சாய்த்து ஃபிரெட்டின் நீளவாக்கில் ஒரு பக்கம் நாலு இழுப்பு, மறு பக்கம் நாலு இழுப்பு. இரண்டு மில்லி அகலத்துக்கு இருந்த கறுப்புப் பட்டை ஒன்றாகும், அரையாகும், கடைசியில் முடி இழை மாதிரி ஒரு கோடு நிற்கும். அங்கே கையை எடுத்துவிடுங்கள். கோடு அழிந்துவிட்டால் அந்த ஃபிரெட் மற்றதை விடத் தாழ்ந்துவிட்டது என்று அர்த்தம், திரும்ப இரண்டாம் படியிலிருந்து வர வேண்டும். நான் வந்திருக்கிறேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

படி 4: முனைக்கு

ஏசி அறையிலேயே கிட்டார் கிடந்தால் மரம் காய்ந்து சுருங்கும், ஃபிரெட் சுருங்காது, முனை வெளியே நீட்டிக்கொண்டு கையைக் கிழிக்கும். இதற்கு நீடில் ஃபைல், அதாவது ஊசி மாதிரி மெல்லிய அரம். ஹார்டுவேர் கடையின் மலிவு செட்டை விட, நகைத் தொழில் சாமான் விற்கும் கடையில் சுவிஸ் கட் என்று கேளுங்கள். பத்தர்கள் வைத்திருப்பது அதுதான், கோவை மாதிரி நகைப்பட்டறை நிறைந்த ஊரென்றால் அலைய வேண்டியதில்லை. எண் கூடக் கூடச் சன்னம்: 2ஆம் எண்ணில் பட்டை ஒன்று போதும், பளபளப்பு வேண்டுமானால் 4ஆம் எண்ணும். இதிலும் ஒரு ஓரத்தை மழுக்கி, அந்த ஓரம் மரத்தின் பக்கம் இருக்கும்படி பிடித்து, முனையின் இரண்டு மூலைகளையும் உருட்டுங்கள். முனைக்கு மூன்று நான்கு இழுப்புக்கு மேல் தேவைப்படாது.

படி 5: கையில் பிடிக்கும்போது

கம்பிகளைக் கழற்றி, கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருகிக் கழுத்தை நேராக்கின பிறகுதான் எந்த அரமும். எஃகு அரம் தள்ளும்போதுதான் வெட்டும், திரும்பும்போது தூக்கிக்கொள்ளுங்கள், டைமண்டுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. வேலைக்கு முன் எஃகு அரத்தில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டால் அரப்பொடி பல்லிடுக்கில் ஒட்டாது. ஒட்டின பொடியோடு அராவினால் அந்தத் துணுக்கே ஃபிரெட்டில் கோடு கிழிக்கும். கம்பி பிரஷால் பல்வரிசை போகிற திசையிலேயே தட்டிவிடுங்கள்.

அரத்தின் கோடுகளை 400இல் தொடங்கி 600, 1000, 2000 என்று உப்புத்தாளில் தேய்த்து எடுங்கள். எலக்ட்ரிக் கிட்டாரில் ஸ்டீல் வுல் பயன்படுத்துவதானால் கம்பிகளுக்கு அடியில் காந்தம் வைத்த பிக்கப்பை டேப் போட்டு மூடிவிடுங்கள், காந்தத்தில் ஒட்டின தூளை எடுப்பது பெரும்பாடு. மூன்று அரங்களையும் தனித்தனித் துணியில் சுற்றி வையுங்கள். ஒரே டப்பாவில் போட்டால் ஒன்றின் பல்லை ஒன்று மழுக்கிவிடும்.