ஊதாக் கம்பு: வளவில் வளர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழைக்கு முன்னே விதைத்துவிட வேண்டும் என்பது வயலோடு வாழும் நமக்கு ஊறிப்போன வழக்கம். ஊதாக் கம்பைப் பொறுத்தவரை அந்த வழக்கமே முதல் தவறு. அழகுக்காக வளர்க்கப்படும் இந்த ஒருபருவப் புல், ஆபிரிக்காவின் வறண்ட சாகேல் நிலத்தில் தோன்றிய கம்பின் ஒரு வகையே என்பதால், வெயிலைத் தாங்குவதுபோல் வேரடியில் தேங்கும் நீரைத் தாங்காது. ஐப்பசி, கார்த்திகையில் விதைத்தால் மட்டக்களப்பு மாரியில் நாற்று அழுகிப்போகும். தை மாதப் பிற்பகுதியில் மழை ஓய்ந்தபின் விதைத்தால், தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அனலாக வீசத் தொடங்குமுன் கதிர் வந்துவிடும். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் களிமண் வளவுகளில் ஒரு சாண் உயரத்துக்குப் பாத்தி கட்டுவது அவசியம். கிழக்கே கடலோரமான எழுவான்கரை மணலில் நீர் நிற்காது, பசளையும் நிற்காது; ஆகவே நன்கு உக்கிய மாட்டெருவைக் கலந்த பின்னரே விதைக்க வேண்டும்.

இலை ஊதாவாக வரவில்லையே என்று விதையைக் குறைகூறுவோர் பலர். முளைக்கும்போது நாற்று பச்சையாகவே இருக்கும். நேரடி வெயில் பட்டபின்தான் நடுநரம்பிலும் தண்டிலும் நிறம் ஏறி, இலை முழுவதும் பரவும். எங்கள் வளவில் மாமரத்தின் கீழ் வைத்த நான்கு செடிகள் கடைசிவரை பச்சையாகவே நின்றன. அதே நாளில் வேலியோரத்து வெயிலில் நட்டவை கத்தரிக்காய் நிறத்துக்குக் கறுத்தன.

நாற்றைச் சிறு கோப்பையிலேயே நாட்கணக்கில் விட்டுவைப்பதும் பெருந்தவறு. வேர் சுருண்டு நெருக்கப்பட்ட செடி, நான்கைந்து அடி வளர வேண்டியது, முழங்கால் உயரத்திலேயே கதிர் தள்ளி முடிந்துவிடும். மூன்று நான்கு இலை விட்டவுடன் ஓரடி இடைவெளியில் நட்டுவிடுவது நல்லது. யூரியாவை அள்ளிப் போட்டால் தண்டு மெலிந்து நீண்டு, முதற்காற்றிலேயே சாயும்.

2003 இல், புதிய தோட்டச்செடி வகைகளைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கும் அமெரிக்க அமைப்பான ‘ஓல் அமெரிக்கா செலக்‌ஷன்ஸ்’ வழங்கும் தங்கப் பதக்கத்தைப் பெற்ற ஊதாக் கம்பு வகையான ‘பர்ப்பிள் மெஜஸ்டி’ ஒரு கலப்பினம். அதன் விதையை எடுத்து வைத்து மறுபோகம் விதைத்தால் எல்லாச் செடியும் தாயைப்போல் வராது.

கதிர் முற்றியதும் வலை போட்டு மூடுவோரும் உண்டு. பூச்சாடிக்கு வேண்டிய கதிர்களை மணி முற்றுமுன் வெட்டிக்கொண்டு, மிகுதியைத் திறந்தே விடுங்கள். தினைக்குருவிகள் கதிரில் தொற்றி, தண்டு வளைய வளைய ஒவ்வொரு மணியாக உமி நீக்கித் தின்னும்.