பழங்குடியினரும் உலகச் சுற்றுச்சூழல் பேச்சுவார்த்தைகளும்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலநிலை மாநாடு தொடங்கியதுமே இறகுக் கிரீடம் அணிந்த அமேசான் தலைவர் ஒருவரின் படம் செய்திகளில் வந்துவிடுகிறது. அந்தப் படத்தையே பங்கேற்புக்குச் சான்றாக எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. ஐ.நா. காலநிலைப் பேச்சுவார்த்தையில் பழங்குடி அமைப்புகள் பார்வையாளர்கள் மட்டுமே. அரசுகள் பேசி முடித்தபின் நேரம் மிஞ்சினால்தான் பெரும்பாலும் அவர்களுக்கு மைக் கிடைக்கும், வாக்கு கிடையாது. வடதுருவப் பகுதியின் எட்டு நாடுகள் சேர்ந்த ஆர்க்டிக் கவுன்சிலில் நிலைமை கொஞ்சம் மேல். 1996 முதலே அங்கே பழங்குடி அமைப்புகளுக்கு நிரந்தர இடம் உண்டு, இன்று ஆறு அமைப்புகள் இருக்கின்றன. அவர்களைக் கலந்து பேசியாக வேண்டும். ஆனாலும் இறுதி முடிவு அந்த எட்டு நாடுகளின் கையில்தான். எந்த மன்றத்தைப் பற்றி எழுதினாலும் அங்கே அவர்களுக்கு உள்ள அதிகாரம் என்ன என்பதைச் சொல்லிவிடுங்கள்.

அவர்களைப் பாதிக்கப்பட்டவர்களாக மட்டும் காட்டுவது இதைவிடப் பெரிய தவறு. கனடாவின் வடக்கே வாழும் இனுயிட் பழங்குடித் தாய்மார்களின் பாலில், தெற்கே வாழும் பெண்களைவிடப் பல மடங்கு பிசிபி எனும் தொழிற்சாலை ரசாயன நஞ்சு இருப்பதை 1980களில் ஆய்வாளர்கள் கண்டார்கள். எங்கோ பயன்படுத்திய ரசாயனங்கள் காற்றிலும் கடலிலும் வந்து, சீல், திமிங்கலக் கொழுப்பு வழியாக அவர்கள் உடலில் சேர்ந்திருந்தன. இத்தகைய நஞ்சுகளைத் தடுக்க 1998-இல் பேச்சுவார்த்தை தொடங்கியபோது இனுயிட் தலைவர் ஷீலா வாட்-குளூட்டியே போன்றவர்கள் நேரில் போய் வாதாடினார்கள். தாயும் சேயுமான ஒரு இனுயிட் சிற்பத்தை அங்கே பரிசாக அளித்தார்கள். அந்த நஞ்சுகளில் ஒன்றான, கொசுவைக் கொல்லும் டிடிடி பூச்சிக்கொல்லியை முழுக்கத் தடை செய்தால் மலேரியா பரவும் நாடுகள் தவிக்கும் என்ற சிக்கல் எழுந்தது. பிறர் உடல்நலத்தைப் பலி கொடுத்துத் தங்களுக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்பதே வாட்-குளூட்டியேயின் நிலைப்பாடு. அந்தப் பேச்சுவார்த்தையில் உருவாகி 2001-இல் கையெழுத்தான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, மலேரியா ஒழிப்புக்கு டிடிடி-யை அனுமதித்தது. ஆர்க்டிக் பழங்குடியினருக்கு உள்ள ஆபத்தும் அதன் முகப்புரையில் இடம்பெற்றது. இவர்களை வெறும் பாவப்பட்ட மக்கள் என்று எழுத எனக்கு மனம் வராது.

‘உலகப் பல்லுயிர் வளத்தில் 80 சதவீதம் பழங்குடியினர் நிலங்களில் இருக்கிறது’ என்ற வரியையும் விட்டுவிடுங்கள். அதற்கு ஆதாரம் இல்லை என்று 2024-இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அவர்களில் பழங்குடியினரும் இருந்தார்கள். நல்லெண்ணத்தோடு சொன்னாலும், எதிர்த்தரப்பு கேள்வி கேட்டால் அடிபடுவது பழங்குடியினரின் கோரிக்கைதான்.

கடைசியாக, அறிவித்த பணத்தைக் கொடுத்த பணமாக எழுதாதீர்கள். 2021 கிளாஸ்கோ மாநாட்டில் பழங்குடியினரின், உள்ளூர்ச் சமூகங்களின் வன உரிமைக்காக 170 கோடி டாலர் தருவதாகச் சில அரசுகளும் அறக்கட்டளைகளும் அறிவித்தன. முதல் ஆண்டில் கொடுத்ததில் அவர்களுடைய அமைப்புகளுக்கு நேரடியாகப் போனது 7 சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதி இடைத்தரகு நிறுவனங்கள் வழியாகப் போனது. அறிவிப்பு வந்த அன்று தலைப்புச் செய்தி போட்டவர்கள், அடுத்த ஆண்டு அந்தக் கணக்கையும் கேட்டு எழுத வேண்டும்.