ப்ளாக்கிங் க்யூ: எவ்வளவு பெரிதாக வைப்பது, எப்படி நிறுத்துவது

ஒரு த்ரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை) பெரிய கோப்பு ஒன்றை வரி வரியாகப் படிக்கிறது. நான்கு த்ரெட்கள் அந்த வரிகளை டேட்டாபேஸில் எழுதுகின்றன. ஜாவாவில் இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் வைக்க வேண்டியது ப்ளாக்கிங் க்யூ, அதாவது தேவைப்படும்போது த்ரெட்டைக் காத்திருக்க வைக்கும் வரிசை. 2004-இல் ஜாவா 5-உடன் வந்த கன்கரன்ட் பேக்கேஜிலேயே இது இருக்கிறது. த்ரெட்டைக் காத்திருக்க வைக்கும் வெயிட், அதை எழுப்பும் நோட்டிஃபை இரண்டையும் வைத்து இதைக் கையால் எழுத இன்று எந்தத் தேவையும் இல்லை. எங்காவது ஒரு நோட்டிஃபை விட்டுப்போனால் போதும், புரோகிராம் அப்படியே நின்றுவிடும்.

ஒரு பக்கம் போடுவதற்கு புட், மறுபக்கம் எடுப்பதற்கு டேக் என்று எழுதினால் ஐந்து நிமிடத்தில் ஓடும். க்யூ நிறைந்திருந்தால் புட் காத்திருக்கும், காலியாக இருந்தால் டேக் காத்திருக்கும். பிறகு தலைவலி கொடுப்பவை இரண்டுதான்: க்யூவின் கொள்ளளவும், வேலை முடிந்ததும் த்ரெட்களை நிறுத்துவதும்.

எந்த க்யூவை எடுப்பது

சந்தேகம் இருந்தால் அரே ப்ளாக்கிங் க்யூ. உருவாக்கும்போதே கொள்ளளவைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் என்பதே அதன் நல்ல குணம். லிங்க்ட் ப்ளாக்கிங் க்யூவுக்கு எண் எதுவும் கொடுக்காமல் விட்டால் அதன் எல்லை 214,74,83,647. அதாவது எல்லையே இல்லை என்று பொருள். போடுவதற்கும் எடுப்பதற்கும் அதில் தனித்தனி லாக் (lock, பூட்டு) உண்டு, அரே வகையில் இரண்டுக்கும் ஒரே லாக். ஆனால் ஒரு வரியை எழுத 20 மில்லிசெகண்ட் ஆகும் இடத்தில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ப்ரையாரிட்டி ப்ளாக்கிங் க்யூவுக்கு எல்லை வைக்கவே முடியாது. அதில் புட் ஒருபோதும் காத்திருக்காது.

கொள்ளளவைக் கணக்கிடுதல்

எழுதும் த்ரெட் ஒன்றுக்கு ஒரு வரிக்கு 20 மில்லிசெகண்ட் என்றால் செகண்டுக்கு 50 வரி; நான்கும் சேர்ந்து 200. படிக்கும் த்ரெட் செகண்டுக்கு 5,000 வரி தள்ளும் என்று வைத்துக்கொள்வோம். எல்லையில்லாத க்யூவில் ஒவ்வொரு செகண்டும் 4,800 வரி தேங்கும். வரி ஒன்றுக்கு மெமரியில் 1 கிலோபைட் என்றால் செகண்டுக்கு 4.8 மெகாபைட். 512 மெகாபைட் ஹீப் (ஜாவா பொருள்களை வைக்கும் மெமரி) இரண்டு நிமிடத்துக்குள் நிரம்பிவிடும். சோதனைக்கு வைத்த சின்னக் கோப்பில் இது தெரியாது, உண்மையான கோப்பு வரும் நாளில்தான் தெரியும்.

சரியான கணக்கு இது: எடுக்கும் பக்கத்தின் வேகத்தை, ஒரு வரி க்யூவில் அதிகபட்சம் எத்தனை செகண்ட் கிடக்கலாம் என்பதால் பெருக்குங்கள். 200 வரி, 2 செகண்ட்: 400. இதையே 40,000 ஆக்கினால் வேலை ஒரு துளிகூட வேகமாக முடியாது. ஒவ்வொரு வரியும் 200 செகண்ட் க்யூவில் கிடக்கும், நடுவில் புரோகிராம் விழுந்தால் அத்தனையும் போகும். க்யூ நிறைந்து, படிக்கும் த்ரெட் புட்டில் நிற்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். டேட்டாபேஸின் வேகத்துக்குப் படிப்பவரை இழுத்துப் பிடிப்பதுதான் அந்த க்யூவின் வேலை.

போடும் பக்கம்

ஆட், ஆஃபர், புட் மூன்றும் ஒன்றல்ல. க்யூ நிறைந்திருந்தால் ஆட் எக்ஸெப்ஷன் (பிழை) வீசும், ஆஃபர் ஃபால்ஸ் திருப்பிவிட்டுப் போய்விடும், புட் மட்டுமே இடம் வரும்வரை நிற்கும். ஆஃபர் திருப்பியதைப் பார்க்காமல் விட்டால் வரிகள் சத்தமில்லாமல் தொலையும். கோப்பில் இருந்ததைவிட டேபிளில் குறைவாக இருக்கும், பிழைகளைப் பதியும் லாகில் (log) ஒரு பிழைகூட இருக்காது. நல் (null, எதுவும் இல்லை என்ற மதிப்பு) போட முடியாது, போட்டால் நல் பாயின்டர் எக்ஸெப்ஷன். க்யூ காலி என்று சொல்ல ‘போல்’ (poll) என்ற மெத்தட் நல்லைத்தான் திருப்புகிறது, அதனால்தான் இந்தத் தடை.

போட்ட பொருளை அதற்குப் பிறகு தொடாதீர்கள். புட்டுக்கு முன் செய்த மாற்றங்கள் எடுக்கும் த்ரெட்டுக்குத் தெரியும் என்று ஜாவா உறுதி தருகிறது. புட்டுக்குப் பின் செய்பவற்றுக்கு அந்த உறுதி கிடையாது. ஒரே லிஸ்டை நிரப்பி, புட் செய்து, க்ளியர் செய்து, மறுபடி நிரப்பினால் எழுதும் த்ரெட்டின் கையிலிருக்கும் லிஸ்டும் காலியாகும், ஏனென்றால் அது அதே லிஸ்ட். ஒவ்வொரு முறையும் புதிது உருவாக்குங்கள்.

எடுக்கும் பக்கம்

பிழையைப் பிடிக்கும் ட்ரை-கேட்ச் லூப்புக்கு உள்ளே, ஒவ்வொரு வரிக்கும் இருக்க வேண்டும். வெளியே வைத்தால் ஒரு கெட்ட வரி ஒரு த்ரெட்டைச் சாய்க்கும். நான்கு கெட்ட வரிகளில் நான்கும் போகும். அதன் பிறகு க்யூ நிறையும், படிக்கும் த்ரெட் புட்டில் நிரந்தரமாக நிற்கும். சிபியு பூஜ்யம், பிழைச் செய்தி இல்லை, புரோகிராம் மட்டும் முடியாது. அப்போது ஜேஸ்டாக் என்ற கருவியை ஓட்டி த்ரெட் டம்ப் (ஒவ்வொரு த்ரெட்டும் எங்கே நிற்கிறது என்ற பட்டியல்) எடுங்கள். படிக்கும் த்ரெட் வெயிட்டிங் நிலையில், அதன் ஸ்டாக்கில் அரே ப்ளாக்கிங் க்யூவின் புட் தெரியும். எழுதும் த்ரெட்களின் பெயரே பட்டியலில் இருக்காது. பெயர் தெரிய வேண்டுமானால் உருவாக்கும்போதே த்ரெட்களுக்குப் பெயர் வைத்திருக்க வேண்டும்.

காத்திருக்கும் த்ரெட்டை நிறுத்தச் சொல்லி இன்டரப்ட் செய்தால் வரும் இன்டரப்டட் எக்ஸெப்ஷனுக்கு மட்டும் தனி கேட்ச். அதை விழுங்கிவிட்டு லூப்பைத் தொடர்ந்தால் அந்த த்ரெட்டை இன்டரப்ட் செய்து நிறுத்த முடியாது. இன்டரப்ட் கொடியை மறுபடி ஏற்றிவிட்டு லூப்பைவிட்டு வெளியேறுங்கள்.

காலியா என்று பார்த்துவிட்டு டேக் செய்வதும் தவறு. பார்த்ததற்கும் எடுப்பதற்கும் நடுவில் இன்னொரு த்ரெட் கடைசி வரியை எடுத்துப் போயிருக்கலாம்.

டேட்டாபேஸில் வரி வரியாக கமிட் செய்வதைவிட (எழுதியதை உறுதி செய்வதைவிட) நூறு நூறாகச் செய்வது பல மடங்கு வேகம். ட்ரெயின்-டூ (drainTo) என்ற மெத்தட் க்யூவில் இருப்பதை மொத்தமாக ஒரு லிஸ்டுக்கு அள்ளித் தரும், ஆனால் காத்திருக்காது. காலி க்யூவில் அதை மட்டும் லூப்பில் வைத்தால் சிபியு வீணாகச் சுற்றும். முதலில் டேக்கால் ஒன்று, பிறகு ட்ரெயின்-டூவால் அதிகபட்சம் 99. இரண்டும் சேர்ந்தால் காத்திருப்பும் உண்டு, நூறு வரிக் கட்டும் உண்டு.

நிறுத்துதல்

கோப்பு முடிந்தது என்பது க்யூவுக்குத் தெரியாது. க்யூவை மூடும் மெத்தடும் கிடையாது. வழக்கமான வழி, முடிவுக்குறி ஒன்றைக் கடைசியாகப் போடுவது. வரிகளோடு குழம்பாத ஒரு தனிப் பொருளை உருவாக்கி, ஈக்வல்ஸ் இல்லாமல் இரட்டைச் சமக்குறியால் ஒப்பிடுங்கள். போடுவது புட்டால்தான், நிறைந்த க்யூவில் ஆஃபர் செய்தால் குறியே தொலையும்.

நான்கு த்ரெட்டுக்கு நான்கு குறி என்று போடுவார்கள். ஒவ்வொன்றாக எடுக்கும்வரை அது சரி. ட்ரெயின்-டூ வந்தவுடன் உடையும்: ஒரே த்ரெட் ஒரு அள்ளலில் மூன்று குறிகளை எடுத்துக்கொண்டு போய்விடும், மற்ற இரண்டு த்ரெட்கள் வராத குறிக்காக டேக்கில் நிற்கும். அதனால் ஒரே ஒரு குறி போடுங்கள். அதைப் பார்க்கும் த்ரெட், முன்னால் அள்ளிய வரிகளை எழுதி முடித்து, குறியைத் திரும்ப க்யூவிலேயே புட் செய்துவிட்டு வெளியேறட்டும். குறிக்குப் பின்னால் வேறு எதுவும் வராது, ஆகவே இடம் நிச்சயம் இருக்கும்.

படிக்கும் த்ரெட்கள் பல என்றால், எல்லாம் முடிந்தபின் ஒரே இடத்திலிருந்து குறி போக வேண்டும். எல்லா த்ரெட்டும் முடிக்கும்வரை காத்திருக்க வைக்கும் கவுன்ட் டவுன் லாட்ச் போதும். ப்ரையாரிட்டி க்யூவில் இந்த முறை ஆகாது, குறி வரிசையை முந்திவிடும்.

எழுதி முடித்தபின் கொள்ளளவை 1 ஆக்கி, எழுதும் ஒவ்வொரு த்ரெட்டிலும் 50 மில்லிசெகண்ட் ஸ்லீப் வைத்து, ஆயிரம் வரி கொண்ட கோப்பை ஓட்டிப் பாருங்கள். டேபிளில் சரியாக ஆயிரம் வரி இருக்க வேண்டும், புரோகிராம் தானாக முடிய வேண்டும். நடுவில் ஒரு வரியைக் கெட்ட வரியாக மாற்றி மறுபடி ஓட்டினால் 999 வர வேண்டும், அந்த ஒரு வரி லாகில் இருக்க வேண்டும்.