பேசாத குழந்தை வந்தால்: புது தெரபிஸ்டுகள் செய்யும் தவறுகள்

ஸ்பீச் தெரபி படித்து முடித்து வேலைக்கு வரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எங்கள் செட்டில் நடந்த அதே சொதப்பல்கள்தான், ஒன்றும் மாறவில்லை. போன் காட்டிச் சோறு ஊட்டக் கூடாது, 'சொல்லு, சொல்லு' என்று நச்சரிக்கக் கூடாது என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

காதைப் பார்க்காமல் பேச்சைத் தொடங்குவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். கேஸ் ஷீட்டில் 'காது கேட்கிறது' என்று எழுதியிருக்கும். யார் சோதித்தது என்றால், "அவங்க அம்மா சொன்னாங்க மேடம்" என்பார்கள்.

மூன்று வயதுப் பையன் ஒருவனைப் பாட்டி கூட்டிவந்தார். அதற்கு முன் ஓரிடத்தில் அரை வருஷம் படக்கார்டு காட்டியிருக்கிறார்கள். "தட்டைத் தட்டினா டக்குனு திரும்புறான்மா. நாய் குரைச்சா வாசலுக்கு ஓடுறான். காதுல ஒரு குறையும் இல்ல."

பையன் பொம்மைக் கார் சக்கரத்தை உருட்டிக்கொண்டிருந்தான். அவன் முதுகுப் பக்கம் உட்கார்ந்து, தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை பேச்சு கேட்கிறதா என்று பார்க்க டேனியல் லிங் வகுத்த ஆறு ஒலிகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். 'ஆ' என்றதும் திரும்பினான். 'ஊ', 'ம்' இரண்டுக்கும் திரும்பினான். 'ஈ' என்றேன்; திரும்பி, அவனும் 'ஊ' என்றான். 'ஷ்' என்றதற்குச் சக்கரம் நிற்கவே இல்லை. 'ஸ்' என்றதற்கும் அப்படியே. "வேணும்னே பண்றான்மா" என்று பாட்டியே காதருகே போய் ஸ்ஸ் என்று பார்த்தார். ஊதின காற்று பட்டுத்தான் திரும்பினான்.

பெரா (ஒலி காது நரம்பு வழியே மூளைக்குப் போகிறதா என்று பார்ப்பது), ஆடியோகிராம் (எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்ற வரைபடம்) இரண்டும் எடுத்ததில் தாழ்ந்த சுருதி ஓரளவு கேட்கிறது, உயர்ந்த சுருதி கேட்கவில்லை என்று தெரிந்தது. 'ஆ', 'ஊ', 'ம்' ஆகியவற்றின் பலம் கீழ்ச்சுருதியில் இருக்கிறது. 'ஸ்' 4000 ஹெர்ட்ஸையும் தாண்டி, மெலிசாக வரும் ஒலி. 'ஈ'யின் மேல்பாதி கேட்காவிட்டால் அது 'ஊ' மாதிரிதான் விழும். ஸ்டீல் தட்டுச் சத்தமோ பாதிக் காதுக்கும் எட்டும். எதிரே நின்று கூப்பிட்டால் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வான். இந்தக் குழந்தையிடம் 'பசு' படத்தைக் காட்டி என்ன பயன்?

இதில் வீணாவது காலம். பிறந்து 1 மாதத்துக்குள் ஸ்கிரீனிங், 3 மாதத்துக்குள் முடிவு, 6 மாதத்துக்குள் ஹியரிங் எய்டும் பயிற்சியும் என்பதுதான் கணக்கு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளாண்ட் (ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தும் கருவி) கிடைப்பதும் 6 வயதுக்குள்தான். நாம் கார்டு காட்டிக்கொண்டிருக்கும்போது அந்த வயதும் ஓடுகிறது.

'பாஸ்' சீட்டை நம்புவது

பிறந்த ஆஸ்பத்திரி ஃபைலில் ஓ.ஏ.இ. என்ற காது சோதனையில் 'பாஸ்' என்று இருந்தால் அதோடு விட்டுவிடுகிறார்கள். ஓ.ஏ.இ. பார்ப்பது உள்காதின் மயிர்ச் செல்களை மட்டும், நரம்பை அல்ல. கடும் மஞ்சள் காமாலையில் இங்குபேட்டரில் கிடந்த குழந்தைக்குப் பெரா கட்டாயம். மூளைக்காய்ச்சல் வந்து போயிருந்தால் பழைய சீட்டு செல்லாது. சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருந்தால் ஒரு வாரம் கேட்கும், மறு வாரம் மந்தமாகும்.

ஹியரிங் எய்டை மாட்டிவிட்டு மறப்பது

காது வளரும், இயர் மோல்ட் (காதுக்குள் பொருந்தும் அச்சு) வளராது. லூஸானால் 'கீ' என்று விசிலடிக்கும். அம்மா சத்தத்தைக் குறைத்துவிடுவார். குழந்தைக்கு எதுவும் கேட்காது. மோல்டை மாற்றுங்கள்.

வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசச் சொல்வது

இரண்டு மொழி காதில் விழுவதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை. வாய் ஓயாமல் தமிழில் கதை அளக்கிற அம்மாவை 'கம், சிட், ஈட்' என்று மூன்று சொல்லுக்குள் அடைத்தால் குழந்தை எதைக் கேட்டு வளரும்? சொற்களை எண்ணும்போதும் தமிழில் எத்தனை, இங்கிலீஷில் எத்தனை என்று கூட்டி எண்ணுங்கள்.

வசம்பு, தேன்

நாக்கில் தடவிப் பேச்சு வராது. பாட்டிமாரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்.

நாக்கை வெட்டச் சொல்வது

நாக்குக்கு அடியில் சவ்வு ஒட்டியிருக்கிறது என்று வெட்டச் சொல்வார்கள். பேசவே தொடங்காத குழந்தைக்கு அது காரணம் அல்ல.

மூன்று வயதில் 'ழ' வரவில்லை என்று பயமுறுத்துவது

விடுங்கள். கூட்டிவந்த அப்பாவையே 'வாழைப்பழம்' சொல்லச் சொல்லிப் பாருங்கள்.