பணயக்கைதிக் கதையை எங்கே தொடங்குகிறோம்?

ராணுவ மீட்பு நடவடிக்கையை வைத்து நாவலோ திரைக்கதையோ எழுத முனையும் வேலூர்ப் பக்கத்து இளைஞர்கள் சிலரின் கைப்பிரதிகளைப் படித்து வருகிறேன். துப்பாக்கியின் ரகத்தைத் துல்லியமாகச் சொல்லும் அவர்கள், ஆயுதத்தோடு உள்ளே புகுந்தவர்கள் ஏன் புகுந்தார்கள் என்பதை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். இந்த வகைக் கதைகளில் நான் காணும் முதல் தவறும் பெரிய தவறும் இதுதான்.

1806இல் ஆங்கிலேயருக்கு எதிராகச் சிப்பாய்கள் கலகம் செய்த நம் வேலூர்க் கோட்டையையே எடுத்துக்கொள்வோம். 1806 ஜூலை 10 விடியற்காலையில் கதையைத் தொடங்கினால், மருத்துவமனையில் கிடந்த நோயாளிகளைக்கூட விடாமல் கொன்ற சிப்பாய்களும், ஆற்காட்டிலிருந்து குதிரைப் படையோடு விரைந்து வந்து கோட்டையை மீட்ட ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பியும் மட்டுமே கண்ணில் படுவார்கள். சில மாதங்கள் முன்னால் தொடங்கினால், நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், புதுவகைத் தலைப்பாகையை அணிய வேண்டும் என்ற ஆணையும், மறுத்தவர்கள் வாங்கிய சவுக்கடியும் தெரியவரும். அந்த ஆணை பின்னர் கைவிடப்பட்டது. சென்னை ஆளுநர் பெண்டிங்க் திருப்பி அழைக்கப்பட்டார். அதே கோட்டைக்குள்தான் திப்பு சுல்தானின் குடும்பமும் காவலில் இருந்தது. ஆங்கிலேயரோடு செய்த 1792 உடன்படிக்கைக்குப் பிணையாகத் தம் இரு மகன்களை அவர்களின் தலைமை ஆளுநர் கார்ன்வாலிஸிடம் ஒப்படைக்க நேர்ந்தவர் திப்பு என்பதை நினைத்தால், அரசுகளும் பிணை பிடித்திருப்பது விளங்கும். இதற்காக நோயாளிகளைக் கொன்றதை மறைக்க வேண்டியதில்லை. காரணத்தைச் சொல்வதும் கொலையை நியாயப்படுத்துவதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதத் துணிவு வேண்டும்.

பேச்சுவார்த்தையைக் கோழைத்தனமாகக் காட்டுவது அடுத்த தவறு. 2000 ஜூலை 30 அன்று வீரப்பன் கடத்திய கன்னட நடிகர் ராஜ்குமார் 108 நாட்கள் கழித்து உயிரோடு வீடு திரும்பினார். இடைப்பட்ட காலத்தில் காவிரி நீர், தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் அடைபட்ட கைதிகளின் விடுதலை எனக் கோரிக்கைகள் வந்தன. தூதர்கள் காட்டுக்குள் போய்வந்தார்கள். வீரப்பன் கும்பலால் கொல்லப்பட்ட காவல் அதிகாரி ஒருவரின் தந்தை தொடுத்த வழக்கில் தடா கைதிகளை விடுவிக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. மகனை இழந்த அந்தத் தந்தைக்கும் கதையில் இடம் தர வேண்டும். அவர் இல்லாவிட்டால், சமரசத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்ற கேள்வியே எழாமல் போகும்.

வில்லனுக்கு ஓர் இஸ்லாமியப் பெயரைச் சூட்டிவிட்டு, அதுவே காரணம் என்று விட்டுவிடுவதையும் பல கைப்பிரதிகளில் பார்க்கிறேன். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் மேல்விஷாரத்திலும் உங்களோடு படித்த நண்பர்கள் அந்தப் பக்கத்தைப் படிப்பார்கள் என்ற நினைவோடு எழுதுங்கள்.

கடைசியாக, வீரனுக்கு வீடு இல்லாமல் செய்துவிடாதீர்கள். வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊர் என்று பெயர்பெற்ற கம்மவான்பேட்டை நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. விடுமுறை முடிந்து புறப்படுகிறவரைக் காட்பாடி சந்திப்பின் நடைமேடையில் நான் பார்த்திருக்கிறேன்: கறுப்புத் தகரப் பெட்டியில் வெள்ளைப் பெயின்டால் எண்ணும் பதவியும் பெயரும் எழுதியிருக்கும், ரயில் வரும்வரை அதன்மேல் அவருடைய அம்மா உட்கார்ந்திருப்பார். மீட்பு நடவடிக்கை பற்றிய செய்தி தொலைக்காட்சியில் ஓடும் இரவில், பெயர்கள் இன்னும் வெளிவராத அந்த மணிநேரங்களில், அந்த அம்மா என்ன செய்துகொண்டிருப்பார் என்பதற்கு ஓர் அத்தியாயம் ஒதுக்குங்கள்.